அப்பா என்ற பட்டன்

ரெக்ஸின்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். வேன், ஆட்டோ, பைக் எதுவானாலும் கிழிந்த சீட்டுக்கு உறை தைத்துப் போடுவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. தடித்த ரெக்ஸினைத் தைக்கும் மெஷின் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

மனைவிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்ததிலிருந்து அவள் பின்னறைக் கட்டிலில்தான். குரலும் பாதியாகிவிட்டது. துணையில்லாமல் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் கூப்பிட்டால் இவருக்குக் கேட்க வேண்டும். வீட்டில் மிச்சமிருந்த கவலை அது ஒன்றுதான். மற்றதற்கெல்லாம் கவலைப்படுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் லீவில் வந்தபோது ஒரு வழி செய்தாள். கட்டிலருகே தன் பழைய லேப்டாப்பை வைத்தாள். பட்டறையில் பில் போட வைத்திருந்த கம்ப்யூட்டரில் ஹெட்போனைச் சொருகினாள்.

"அம்மா பேசுறது வைஃபைல இங்க வந்துரும்ப்பா. வீட்டுக்குள்ளயே போற சத்தம். நெட் கட்டானாலும் கேக்கும்."

"நான் கட்டானா?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டது ஹெட்போனில் சற்றுப் பிந்தி வந்தது. மகள் சிரித்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றிலிருந்து ஒரு காதில் ஹெட்போன், மறு காது வாடிக்கையாளருக்கு. அவளுடைய இருமல், பெருமூச்சு, ஃபேன் சத்தம் எல்லாம் வரும். சுவரைத் தாண்டிப் போன அவருடைய மெஷின் சத்தமும் அவள் அறை வழியாகத் திரும்பி வந்து காதில் தடதடக்கும். அவருக்கு அது பழகிப்போனது.

ஒருநாள் காலையில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு சின்னக் கட்டம் வந்தது. அதில் இரண்டு பட்டன்கள்: அம்மா, அப்பா. யார் கேட்கப்போகிறீர்கள் என்று கேட்கிறதாக்கும் என்று நினைத்தார். நான்தானே கேட்கிறேன் என்று 'அப்பா'வை அமுக்கினார். காதில் மெஷின் சத்தம் வழக்கம்போலத் தடதடத்தது. வேலையில் இறங்கிவிட்டார்.

மதியம் சோறு எடுத்துக்கொண்டு போனபோது அவள் தரையில் கிடந்தாள். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்திருந்தது. புடவை நனைந்து, பிறகு பாதி காய்ந்துமிருந்தது.

"எவ்வளவு நேரமா என்னங்க, என்னங்கன்னு கூப்பிட்டேன்..."

தூக்கிக் கட்டிலில் போட்டார், துடைத்தார், புடவை மாற்றினார். கை தன்பாட்டுக்கு எல்லாம் செய்தது. பிறகு மகளுக்குப் போன் போட்டார்.

"எதைப்பா அமுக்குனீங்க?"

"அப்பான்னு போட்டிருந்ததை."



"அது உங்க பட்டறை சத்தம்ப்பா. நான் இங்கருந்து உங்களையும் கேக்கணும்னு வச்சேன். நீங்க தைக்கிறதை நீங்களே கேட்டிருக்கீங்க."

"சரி."

"அழாதீங்கப்பா."

"நான் அழல கண்ணு," என்றார். உண்மையாகவே அவர் அழவில்லை. மகள்தான் அழுதுகொண்டிருந்தாள்.

"போய்ச் சரிபண்ணிட்டு வாங்க. எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் மனைவி.

பட்டறைக்குப் போய் 'அம்மா'வை அமுக்கி ஹெட்போனை மாட்டினார். ஃபேன் சுற்றியது. கட்டில் முனகியது. பிறகு அவள் குரல் மெல்ல வந்தது. அவரைக் கூப்பிடவில்லை, தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

"இடுப்பு உசிரு போகுதே... இவருகிட்டச் சொன்னா மூஞ்சி இன்னும் செத்துப்போயிரும்."

ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பின்னறை வாசலில் போய் நின்றார்.

"இடுப்பா?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைப் பார்த்தாள்.

"கேட்டுருச்சா?"

"ம்."

"அப்போ சரியாத்தான் வேலை செய்யுது," என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கத் தெருவில் இறங்கினார்.