மறுநாள் பேப்பர்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு காகிதத்தில் உரசும் அளவுக்குக் குனிந்திருக்கிறார் வேன் அக்கா. "பாவி மனுஷா, கிணத்து மேடையில போயா தூங்குவ?" என்று முணுமுணுக்கிறார். திட்டு வாங்குபவர், அக்கா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கிணற்றில் விழுந்த யாரோ ஒருவர்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால், மாலை மணி அடிக்கும்வரை வேனுக்கு ஓய்வு. அக்காவுக்கு நூலகத்தில் வேலை இருக்கிறது. துறைமுகத்தில் கூலியாக இருந்த தன் தாத்தா எப்படி இறந்தார் என்று பழைய செய்தித்தாள் தொகுப்புகளில் தேடுகிறார். இறப்புப் பதிவேட்டில் கரையான் மிச்சம் வைத்தது வருடத்தையும், 'விபத்து' என்ற ஒரு சொல்லையும்தான். "குடிச்சிட்டு விழுந்தான்" என்பது சொந்தக்காரர்கள் சேர்த்துக்கொண்டது. 'குடிகாரன் மகன்' என்ற பட்டத்தோடே அக்காவின் அப்பா கிழவராகி, படுக்கையிலும் விழுந்துவிட்டார்.

"எங்கப்பா இருமல் மருந்தைக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாரு. அவரு கண்ண மூடுறதுக்குள்ள உண்மை தெரியணும்" என்றார், கதை எழுத அதே நூலகத்துக்கு வரும் என்னிடம். தினமும் அப்பாவிடமிருந்து போன் வரும். ஒரே கேள்வி: "கெடைச்சாரா?"

எப்போதோ கிடைத்திருப்பார். ஆனால் அடுத்தவர் விபத்தைத் தாண்டிப்போக அக்காவுக்குத் தெரியாது. மரத்திலிருந்து விழுந்தவர், சுவர் இடிந்து சிக்கியவர், எல்லோர் கதியும் தெரிந்தாக வேண்டும். உடனே மறுநாள் பேப்பரைப் புரட்டுவார். பிழைத்திருந்தால் முகம் மலரும். இல்லையென்றால் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

"சொந்தத் தாத்தாவ விட்டுட்டு ஊரார் தாத்தாவையெல்லாம் தேடுறீங்களேம்மா" என்று நூலகர் அலுத்துக்கொண்டார்.

"ஏத்துனவங்கள நடுவழியில எறக்கிவிட முடியுமா சார்?"

இதற்கு நானே சாட்சி. என் மகள் அவர் வேனில்தான் வருகிறாள். வீட்டுக் கதவு திறக்காமல் வண்டி நகராது. மழை நாளொன்றில் நான் தாமதிக்க, ஹாரனால் தெருவையே எழுப்பிவிட்டார். "முதல்ல மூஞ்சியக் காட்டுங்க, அப்புறம் கதை எழுதலாம்."

ஒருநாள் நூலகத்தில், பழுப்பேறிய தாளின் மூலையில் தாத்தாவின் பெயர் இருந்தது. பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து தொழிலாளி படுகாயம். சங்கிலி சரியில்லை என்று காலையிலேயே முறையிட்டவரும் அவரே. மருத்துவமனையில் நினைவோடு இருக்கிறார். தம் சிறு மகனை அழைத்துவரும்படி கேட்கிறார்.

அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன். போன் அடித்தது.

"கெடைச்சாரா?"

"கெடைச்சிட்டாருப்பா. குடியெல்லாம் இல்ல, சங்கிலி அறுந்துருக்கு. ஆஸ்பத்திரியில இருக்காரு. நல்லாப் பேசுறாரு. உன்னத்தான் கூட்டிட்டு வரச் சொல்றாரு."

அப்பா மெல்லக் கேட்டார், "என்னையா?"

"உன்னத்தாம்ப்பா."

மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் எழுந்தது. அடியில் மறுநாள் பேப்பர். அக்கா உள்ளங்கையை விரித்து, தாள் புரண்டுவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.