கடலைப் பார்த்துக் கிடந்த செருப்பு

பழைய துறைமுக ஊர்களை மகளுக்குக் காட்ட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். சனிக்கிழமை மாமல்லபுரம் பார்த்தோம். ஞாயிறன்று பக்கத்திலிருக்கும் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைச் சுற்றிவிட்டு, கணவரும் மகளும் நானும் கடற்கரைக்குப் போனோம்.

ஆள் நடமாட்டமே இல்லை. மணலில் ஆண்கள் போடும் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கடலைப் பார்த்துக் கிடந்தது. யாரோ குளிக்கிறார்கள், பயமில்லை என்று நானே முடிவு செய்து, எங்கள் செருப்புகளையும் அதன் பக்கத்தில் விடச் சொன்னேன். கணவரும் மகளும் தண்ணீரில் இறங்கினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கடலில் அவர்களைத் தவிர வேறு தலையே தெரியவில்லை.

தூரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண் வேகமாக வந்தார். "அவங்கள மேல வரச் சொல்லும்மா. அந்தச் செருப்பு காலையிலேர்ந்து அங்கதான் கீது. போட்ல போய்த் தேடிக்கினு கீறாங்க."

கத்திக் கூப்பிட்டேன். இருவரும் கரையேறுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கிளம்பும்போது மகள் குனிந்து, அந்தச் செருப்பை ஊரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

"அந்த அங்கிள் வெளிய வந்ததும் போட்டுக்க ஈஸியா இருக்கும்மா."

அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் கரையில் செருப்பைக் கண்டால், அதற்குரிய ஆளைக் கண்ணால் பார்க்கும்வரை என்னால் நகர முடிவதில்லை.