விதைநெல் போகும் நாளில் ‘நோ’

மாத்தளை டவுனில் ஒரு விதைநெல் சங்கத்தில் எனக்குக் கம்பியூட்டர் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் தேயிலைக் கூடை தொடாத முதல் ஆள் நான்தான். அதனால் எந்த வேலையையும் பரீட்சை எழுதுவது போலத்தான் செய்தேன்.

எங்கள் தலைமைக் கந்தோரில் புதுப் பதிப்பு மென்பொருள். வில்கமுவ கிளையிலோ பழைய பதிப்பு. புதியதில் பழைய கோப்பு திறக்கும். பழையதில் புதியது திறக்காது. ஆகவே விவசாயிகளின் விபரக் கோப்பைப் பழைய பதிப்புக்கு மாற்றி, ஃப்ளொப்பித் தட்டில் போட்டு, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவேன். அங்கே அதைத் திறந்து ஆளுக்கொரு துண்டுச் சீட்டு அடித்தால்தான் விதைநெல் கொடுப்பார்கள்.

அந்தப் பெரும்போக விதைப்பில் மழை முந்திவிட்டது. கிளையைப் பார்த்துக்கொண்ட முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், கொமியூனிகேஷன் கடையிலிருந்து போன் எடுத்தார்.

“தம்பி, நீ அனுப்பினது தொறக்குதில்ல. வயல்ல தண்ணி நிக்கிது, ஆக்கள் வாசல்ல நிக்கிறாங்க. துண்டில்லாம ஒரு மூட்டையும் குடுக்க ஏலாது.”

“பழசுக்கு மாத்தித்தான் அனுப்பினேன் நானா.”

“அப்ப பஸ்ஸுல வரக்குள்ள புதுசாகிட்டா?”

மறுபடி மாற்றி அனுப்பினேன். மறுபடியும் திறக்கவில்லை. “ஒருத்தர் மம்பட்டியோட வந்து கம்பியூட்டரப் பாத்துட்டுப் போறார் தம்பி. எனக்கு அந்தப் பார்வை புடிக்கல்ல,” என்றார் நானா.

பஸ்ஸில் ஒரு கோப்பு எப்படிப் புதிதாகும்? மூன்றாம் தடவை ஃப்ளொப்பியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தேன். அது முதலில் போனது எங்கள் மேலதிகாரி சேரின் மேசைக்கு. அவர் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பார்த்து, உறையில் முத்திரை குத்தாமல் எதுவும் வெளியே போகாது. சோதனைச் சாவடியில் கேட்பார்கள் என்று கண்டக்டரும் முத்திரை இல்லாத உறையைத் தொடமாட்டார்.

சேர் கோப்பைத் திறந்தார். ‘புதிய பதிப்புக்கு மாற்றவா?’ என்று திரை கேட்டது. ‘யெஸ்’ அமத்தினார். புதியதைச் சேமிக்க ஃப்ளொப்பியில் இடம் போதவில்லை. பழையதை அழித்துவிட்டுச் சேமித்தார்.

“சேர்! அதுல ‘நோ’ அமத்தணும் சேர்!”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, ஒங்க வீட்டுல அரிசி முடிஞ்சா அம்மா என்னா சொல்லுவாங்க?”

“அரிசி நெறஞ்சிருச்சுன்னு…”

“இல்லேன்னு சொல்லுவாங்களா?”

“சொல்லமாட்டாங்க சேர்.”

“வெதநெல்லு போற நாளுல என்னைய ‘நோ’ அமத்தச் சொல்றீங்க. படிச்ச புள்ள நீங்க.”

மென்பொருள் பாடத்தில் இது சொல்லித் தரப்படவில்லை. அதைவிடச் சிக்கல், அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. நானும் அந்த நாளில் ‘நோ’ அமத்தியிருப்பேனா தெரியாது.

என் மேசைக்கு வந்து, கோப்பை நான்காம் முறையாகப் பழசாக்கினேன். ஃப்ளொப்பியின் மூலையில் ஒரு சின்னத் தள்ளுக்கட்டை உண்டு. அதைத் தள்ளிவிட்டால் உள்ளே இருப்பதைப் படிக்கலாம். எழுதவோ அழிக்கவோ முடியாது. தள்ளிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திரை கேட்டது. சேர் மனநிறைவோடு ‘யெஸ்’ அமத்தினார். பழையதை அழிக்கப் பார்த்தார். முடியாது என்று கம்பியூட்டர் சொல்லிவிட்டது.

நான் உறையை நீட்டினேன்.

“நான் சரின்னுதான் சொன்னேன்,” என்றார் சேர். “அதுதான் முடியாதுங்குது.”

“அது சொன்னா பரவாயில்லையா சேர்?”

“அது எதையாவது சொல்லிட்டுப் போகட்டும். நம்ம கையால ‘நோ’ வரக் கூடாது.”

முத்திரையைக் குத்தினார். நான் பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

மறுநாள் நானாவின் போன் வந்தது. பின்னால் ட்ராக்டர் இரைச்சல், சிங்களத்தில் யாரோ கத்தும் சத்தம்.

“தொறந்திட்டு தம்பி! துண்டு வருது, மூட்ட ஏறுது.”

“பொறகு ஏன் நானா சத்தம்?”

“இப்ப என்னைய ஏசல்ல. பிரிண்டர ஏசுறாங்க. மெதுவா அடிக்கிதாம்.”