ஏழாம் ரூட்டில் புகை குறைந்தது

கம்பெனி பஸ்களுக்கு வழியும் நேரமும் குறிக்கிறவனுக்கு அடையாள அட்டையில் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் என்று பெயர். பஸ்ஸில் வருகிறவர்கள் வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது. இதே வேலையில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு விளக்கம் தேவையில்லை.

சிவப்புப் பேனா

கரியமில வாயுவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிவரும் ஏழாம் ரூட் பஸ், படப்பை சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய்த் திரும்பும். அங்கே ஏறுவது ஒரே ஆள்: ஒப்பந்தத் தொழிலாளி மேரி. அந்த நிறுத்தத்தை அடித்தேன். இனி மேரி மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். டிரைவர் ஏகாம்பரம் புதிய வழித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொகை வுடறது பஸ்ஸு. நடக்கறது அந்தம்மாவா சார்?"

நின்றால் குற்றம்

இன்ஜின் ஓடியபடி பஸ் இரண்டு நிமிடம் நின்றால் என் கணினித் திரையில் சிவப்பு விழும். ஏகாம்பரம் இன்ஜினை அணைத்துவிட்டு மேரிக்காகக் காத்திருந்தார். மேரி ஏறியாயிற்று; கிழட்டுப் பேட்டரி எழவில்லை. சீருடையோடு எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்:

"மேரிக்கா, நாளைக்கு ஒண்ணு சீக்கிரம் வா, இல்ல பேட்டரி வாங்கினு வா!"

கோரிக்கை

அன்று ஷிப்ட் தாமதம். இனி யாருக்காகவும் நிற்கக் கூடாது என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு மேரி இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டார். மூன்றாவது லேட் என்றால் ஒப்பந்தக்காரர் வேலையை விட்டு நிறுத்திவிடுவார். பஸ்ஸை ஊருக்குள் விடச் சொல்லி மேரி என்னிடம் வந்தார். கரியமில வாயு பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப எங்க வூட்டுக்காரரு பைக்குல கொண்டாந்து வுடறாரு. அது இன்னா சார், தண்ணிலயா ஓடுது?"

மூன்றாவது லேட்

இருங்காட்டுக்கோட்டையில் வேலை பார்க்கும் மேரியின் கணவருக்கு ஷிப்ட் மாறியது. மேரி நடந்து வந்தார். ஒரு மழைநாள் காலையில் ஏகாம்பரம் போன் செய்தார்: "சார், அந்தம்மா ஓடி வந்துகினு கீது. இங்கருந்தே தெரியுது. நிக்கட்டா?" கிளம்பச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்த மேரி கேட்டார்:

"நின்னிருந்தா எவ்ளோ பொகை சார் வந்திருக்கும்?"

பாராட்டு

புகை குறைந்ததற்காக எனக்குச் சால்வை போட்டார்கள். கைதட்டல் முடிந்ததும் மேலாளர் என் காதருகே குனிந்தார்.

"ஏழாம் ரூட்ல ஒரு சீட் காலியாமே. இன்னும் கொஞ்சம் பேர் கொறைஞ்சா, பஸ்ஸையே நிறுத்திடலாம் இல்ல?"

எங்கள் தொழிலில், சுற்றுச்சூழலுக்குத் துளிகூடத் தொந்தரவு தராத பயணி, பஸ்ஸைத் தவறவிட்டவர் ஒருவர்தான்.