சேமக்காலை வேலி

போர் முடிந்து முசலிக் கரையிலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பியபோது கோவிலுக்குக் கூரை இல்லை, கிணற்றில் குடிக்கத் தண்ணீர் இல்லை. வாய்வீரத்துக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. தறப்பாள் கொட்டிலுக்குள் குந்தியிருந்துகொண்டே எங்கள் ஆட்கள், செத்தவர்களில் எவனுக்கு அழலாம், எவனுக்கு அழக்கூடாது என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சகல ஆத்துமாக்களின் திருநாள் வந்தது. அன்று பங்குச் சுவாமி சேமக்காலைக்கு வந்து கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். அதற்கு முன் இடத்தைத் துப்புரவாக்கப் போனோம். உடைமுள்ளை வெட்டிக்கொண்டு போக, தெற்கு மூலையில் பெயரில்லாத மரக்குருசு ஒன்று வெளிப்பட்டது. நாங்கள் இடம்பெயர்வதற்கு முன், கடலில் மிதந்த ஒரு வாலிபனைப் புதைத்த இடம் அது. கடலில் சவத்தைக் கண்டால் வலையை விட்டுவிட்டு வந்தாலும் வரலாம், சவத்தை விட்டுவிட்டு வரக்கூடாது என்பது எங்கள் கரையின் வழக்கம்.

"அது ஆமிக்காரன். தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்ததாம்" என்றார் மாஸ்டர். சண்டைக்காலம் முழுக்கக் கொழும்பில் மகள் வீட்டு மின்விசிறிக்குக் கீழிருந்து போர் நடத்தியவர்.

"இல்லை மாஸ்டர், இயக்கப் பெடியன். அவங்களும் ஒட்டத்தான் வெட்டினவங்கள். நேவிக்காரர் அறிஞ்சால் எங்களுக்குத்தான் கரைச்சல்" என்றார் கடைக்காரர். அவருடைய சீனியும் சிகரெட்டும் நேவி முகாமுக்குத்தான் விலைப்பட்டன.

ஒரே தலைமயிர், இரண்டு கட்சி. ஆனாலும் முடிவில் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். அந்தக் குருசு வெளியே கிடக்கும்படி புது வேலியைப் போடுவதாம். முதல் கட்டையும் நட்டாயிற்று.

எனக்கு அருவருப்பாக இருந்தது. சின்ன வயதில் இதே மாஸ்டர்தான் எங்களுக்கு ஞானோபதேசம் படிப்பித்தவர். கொலை செய்யாதே என்ற வேதக் கட்டளையைப் பிரம்பைக் காட்டிச் சொல்லவைத்தவர். அதில் 'எங்கள் ஆளை' என்றொரு சொல்லும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆண்டவர் மறந்ததை மாஸ்டர் திருத்தி எழுதியிருக்க வேண்டும். நான் இதைச் சொன்னதற்கு, "உனக்கு அரசியல் விளங்காது" என்றார். அது விளங்கினவர்களால்தான் சேமக்காலை இந்தளவு நிறைந்திருந்தது.

அந்த நேரம் பங்குச் சுவாமியோடு ஒரு விதவை வந்தார். வாலிபனைக் கடலிலிருந்து கரைசேர்த்தவர் அவருடைய புருசன்தான். மறுவருசமே நெஞ்சுநோவில் செத்து, அதே சேமக்காலையின் நடுவில் கிடந்தார். கட்டையைக் கண்டதும் அந்த மனிசி விசயத்தைக் கேட்டறிந்தார்.

"அப்ப என்ரை மனிசனையும் வெளியில விடுங்கோ மாஸ்டர். அவர் தூக்கிக்கொண்டு வந்த பெடியனுக்கு இடமில்லையெண்டால் அவருக்கும் வேண்டாம்."

"அதெப்பிடிப் பிள்ளை? அவர் எங்கட ஆள். இவன் ஆரெண்டே தெரியாது. இடுப்பில வெறும் சாரத்தோட வந்த சவம்."

"அது என்ரை மனிசன்ரை சாரம்" என்றார் அவர். "பெடியன்ரை உடுப்பைக் கழட்டிக் கடலில போட்டுட்டு, தன்ரை சாரத்தைச் சுத்தித்தான் கொண்டுவந்தவர். கரையில உங்களைப்போல ஆக்கள் நிப்பினமெண்டு அவருக்குத் தெரியும்."

சுவாமி நட்டிருந்த கட்டையை அசைத்துப் பிடுங்கி, குருசுக்கு அப்பால் கொண்டுபோய் ஊன்றினார். கடைக்காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டு பழைய குழிக்குள் மண்ணைத் தள்ளினார். மாஸ்டர் மட்டும் அந்த மனிசிக்குக் கிட்டப் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்ப அந்த உடுப்பு என்ன நிறமெண்டு அவர் சொன்னவரோ?"