பீலித் தண்ணீர் குடித்த எஞ்சின்

"பாஸ், இந்த மொறையும் ஏத்தம் ஏறாட்டி இந்த எஞ்சினக் கழட்டி வீசிட்டு ஜப்பான் எஞ்சின் ஒண்டு போடப்போறம். வீட்டுல எல்லாரும் முடிவா சொல்லிட்டாங்க."

அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் நிஸார் நானா, குண்டசாலையிலுள்ள என் கராஜில் நின்று இப்படிச் சொன்னார். காலமான அவருடைய வாப்பாவின் கறுப்புக் காரைக் கட்டி இழுத்துக் கொண்டுவந்திருந்தார். அடுத்த வாரம் மகளின் கல்யாணம். மாத்தளைப் பக்கத்து மண்டபத்துக்கு அந்தக் காரில்தான் மகளைக் கூட்டிப்போக வேண்டும் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். ஏற்கெனவே வேறு இடங்களில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, மட்டமாகப் பிளேன் பண்ணி, இடையில் வைக்கும் தகடான கேஸ்கட்டையும் புதிதாகப் போட்டிருந்தார்கள். ஆனால் அலவத்துகொட தாண்டியதும் வரும் ஏற்றத்தில் கார் கொதிப்பதும் கேஸ்கட் எரிவதும் நிற்கவில்லை.

இந்தக் காரில் இருப்பது போன்ற சைட் வால்வ் எஞ்சினைப் பார்க்காத, தொழில் பழகும் தம்பிமாருக்குச் சொல்கிறேன். இதில் வால்வுகள் ஹெட்டில் இல்லை, எஞ்சினின் உடலான பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். எரிந்த புகையும் பிளாக்கின் ஊடாகத்தான் வெளியேறும், அதனால் சூடு அதிகம். இந்தக் காரில் வாட்டர் பம்பும் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலேறி, ரேடியேட்டரில் ஆறி, கீழே இறங்கி வரவேண்டும். வழியில் அடைப்பு இருந்தால் கதை முடிந்தது.

கழற்றிய பழைய கேஸ்கட்டுகளை வாங்கிப் பார்த்தேன். எல்லாமே கடைசிச் சிலிண்டர் பக்கம்தான் எரிந்திருந்தன. அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் போகவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியது.

"நானா, ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"பீலித் தண்ணிதான் பாஸ். வாப்பா பைப் தண்ணிய ஊத்த உடவே மாட்டார். ஏத்தத்துல நிப்பாட்டி, பீலியில புடிச்சித்தான் ஊத்துவார். நானும் அப்பிடித்தான்."

மலையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பாறையிலிருந்து பீலி வழியாக விழும் தண்ணீரைவிடச் சுத்தமானது எதுவும் இல்லை என்று நினைப்போம். குடிக்க அது அமிர்தம்தான். ஆனால் மழைக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாத வண்டலும் கூடவே வரும்.

"அந்தத் தண்ணிதான் எஞ்சினக் கெடுத்திருக்கு."

நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாப்பாவயா கொற சொல்றீங்க?"

நான் போய் ரேடியேட்டரை நிரப்பினேன். பிளாக்கின் பக்கவாட்டில், கடைசிச் சிலிண்டருக்கு நேரே இருக்கும் தகட்டு மூடியைத் தட்டிக் கழற்றினேன். தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டிய இடம் அது. ஒரு சொட்டுக்கூட வரவில்லை. ஸ்குரூ டிரைவரால் குத்தினேன். செங்கல் மாதிரி இறுகிய மண் பெயர்ந்து விழுந்தது.

நானா ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "மலையில பாதிய வாப்பா இதுக்குள்ளயே கொண்டுவந்தீக்காரே!"

சைக்கிள் கம்பியால் சுரண்டி, காற்றும் தண்ணீரும் மாற்றி மாற்றி அடித்து, மண் முழுவதையும் வெளியே எடுத்தேன். ஹெட்டைத் திறந்தால், புகை வெளியேறும் கடைசி எக்ஸோஸ்ட் வால்வ் உட்காரும் சீட் எரிந்திருந்தது. அதை வெட்டிச் சீராக்கி, தேய்ப்புப் பேஸ்ட் பூசி, வால்வைக் கையாலேயே தேய்த்து உட்காரவைத்தேன். இந்த வேலையில் அவசரப்படுகிறவனை நான் என் கராஜில் வைத்திருப்பதில்லை.

கல்யாணத்தன்று வழித்துணைக்கு நானும் முன்சீட்டில் ஏறினேன். கார் அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறியது. பழக்கதோஷம், நானா பீலியடியில் காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டே இறங்கினார். முகம் மட்டும் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவரின் முகம் கறுத்துப்போனது.

"பாஸ், எஞ்சின் நிண்டுட்டே!"

நான் தடுப்பதற்குள் ஸ்டார்ட்டரை இழுத்துவிட்டார். கரகரவென்று பற்சக்கரங்கள் உராயும் சத்தம் கேட்டது. பின்சீட்டில் மணப்பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வாப்பா, எஞ்சின் சத்தமில்லாம ஓடிக்கொண்டுதான் ஈக்கி!"

தம்பிமாரே, ஹெட் நட்டில் ஸ்பேனரை வைக்கும் முன், வண்டி எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று கேளுங்கள். எனக்கு எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கரகரச் சத்தத்தைப் போல என் நெஞ்சை நிமிர்த்திய பாராட்டு வேறில்லை.