சர்க்கரைத் தண்ணீரில் ஊறிய சாக்பீஸ்

எங்கள் வீட்டில் காபிக்குச் சர்க்கரை பற்றாமல் போனால் அதற்கு அப்பாவின் அரசியல்தான் காரணம் என்று அம்மா சொல்வாள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. சனிக்கிழமைதோறும் அப்பா ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து, அதில் சாக்பீஸ்களை ஊறப்போடுவார். அப்படி ஊறிய சாக்பீஸால் எழுதினால் எழுத்து காயக் காயப் பளிச்சென்று வெளுக்கும். கை பட்டாலும் கலையாது, சின்னத் தூறலுக்கும் தாக்குப்பிடிக்கும். படிப்பகத்தின் கரும்பலகை சாலையோரத்தில் வெட்டவெளியில் நின்றதால் இந்த ஏற்பாடு.

படிப்பகம் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டின் மேல் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. பெயர்தான் படிப்பகம், அங்கே படிக்க வந்தவர்களைவிடக் கேட்க வந்தவர்களே அதிகம். அதிகம் என்றால் இருபது பேர், நல்ல ஞாயிறாக இருந்தால் இருபத்தைந்து. கிரகணம் ஏன் வருகிறது என்று அட்டையில் ஊசித்துளை போட்டுக் காட்டுவார்கள். வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டிப் படம் போடுவார்கள். டோலக் அடித்துப் பாடுவார்கள். வியட்நாமில் நடந்ததை வண்ணாரப்பேட்டையில் நடந்ததைப்போல ஒருவர் கண்ணீரோடு சொல்வார். செயலாளர் பக்கத்திலேயே சைக்கிள் கடை வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்பு படித்த என்னையும் அவர் விடுவதில்லை. "இன்னா தோழர், ஹோம்வொர்க் முட்ச்சியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். நான் கூசிப்போவேன், ஆனால் உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

அந்த வாரத்துப் பேச்சின் தலைப்பையும் பேசுகிறவர் பெயரையும் பலகையில் எழுதுவது அப்பாவின் பொறுப்பு. ரயில்வே ஷெட்டில் எண்ணெய்க் கையோடு வேலை பார்க்கிற மனிதருக்கு எங்கிருந்து அப்படி ஒரு எழுத்து வந்ததோ தெரியாது. எனக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். எழுத்துக்கு நடுவில் எவ்வளவு இடம், சுழிக்கு எவ்வளவு வளைவு எல்லாம் அப்பா வைத்த சட்டம். ஒன்பது வயதில் என் எழுத்துக்கும் அவர் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்று ஊரே சொன்னது. நானே அதை நாலு பேரிடம் சொல்லிவைத்தேன் என்பது வேறு விஷயம்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். தாய் தகப்பன் இல்லாதவர். அம்மா அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள், என்னையெல்லாம் அதற்குப் பிறகுதான் தூக்கினாள். ஐ.டி.ஐ. முடித்து, மறைமலை நகரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தார். இரண்டு வருடம் ஆகப்போகிறது. பொங்கல் கழிந்ததும் பெர்மனென்ட் ஆகிவிடும் என்பதுதான் வீட்டில் தினமும் பேச்சு. அம்மா அந்த ஒரு வார்த்தைக்காகவே கோவில் கோவிலாக நேர்ந்துகொண்டிருந்தாள். மாடம்பாக்கம் சிவனுக்கு மட்டும் மூன்று வேண்டுதல் பாக்கி.

மாமா படிப்பகத்தில் பாடுவார், சின்னச் சின்ன நாடகம் போடுவார். ஆனால் பலகையில் அவர் பெயர் வராது. அவருக்கு மட்டும் "தோழர் பரிதி" என்று வேறொரு பெயர். தனியார் கம்பெனிகளில் வேலை செய்கிற எல்லாருக்குமே அங்கே இப்படி ஒரு இரண்டாவது பெயர் இருந்தது. ஏன் என்று அம்மாவைக் கேட்டேன். "அது அப்படித்தான். உனக்கு எதுக்கு?" என்றாள். அப்பாவைக் கேட்டதற்குச் சிரித்தார். உலகத்தில் நடக்கும் அநியாயங்களையெல்லாம் வாராவாரம் இருபது பேருக்கு விளக்கிச் சொன்ன அந்த இடத்தில், இந்தச் சின்ன விஷயத்தை எனக்கு விளக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கார்த்திகை மாதம் மாமா முதல்முறையாகப் பேசப்போகிறார் என்று முடிவானது. பாட்டு இல்லை, நாடகம் இல்லை, ஒரு மணி நேரம் பேச்சு. தலைப்பு, "எட்டு மணி நேர வேலை வந்த கதை." பத்து நாள் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே வலது கையைத் தூக்க வேண்டும் என்பதுகூடத் தெரியும். முந்தின நாள் சனிக்கிழமை, ஜுரம் என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டு லீவு போட்டு வீட்டில் ஒத்திகை பார்த்தார்.

அன்றைக்கென்று அப்பாவுக்கு மாற்று ஆள் வரவில்லை, இரண்டாவது ஷிஃப்டும் பார்க்க வேண்டியதாயிற்று. மத்தியானம் அவசரமாக வந்து சாப்பிட்டவர், என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். "பாப்பா, இன்னிக்கு நீ எழுதிடு. சீட்டுல இருக்கறத அப்படியே எழுதணும், என்ன?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாக்பீஸ் டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவில் நடந்தேன்.

சைக்கிள் கடைக்காரர் ஸ்டூலைப் போட்டுக் கொடுத்துவிட்டு டியூப் ஒட்டப் போய்விட்டார். தலைப்பை எழுதினேன். நேரத்தை எழுதினேன். பேசுபவர் என்று எழுதிச் சீட்டைப் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினால் தலைப்பெழுத்தோடு முழுப்பெயரும், எந்த வகுப்பு, எந்தப் பிரிவு என்பதும் சேர்த்துப் பலகையில் போடுவார்கள். என் மாமா ஒரு மணி நேரம் பேசப்போகிறார், பெயர் யாருக்கோ போகிறது. இது என்ன நியாயம்? பரிதியை விட்டுவிட்டேன். மாமாவின் முழுப்பெயரைத் தலைப்பெழுத்தோடு எழுதினேன். அதன் கீழே ஐ.டி.ஐ. என்று போட்டேன். அதற்கும் கீழே தொழிற்சாலையின் பெயரை எழுதினேன். அந்தப் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும். இடம் மிச்சமிருந்ததால் நாலு பக்கமும் பூங்கொடி வரைந்தேன்.

எழுதி முடித்துப் படியில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன். மறைமலை நகர் கம்பெனி பஸ் நிற்கும் இடம் நேர் எதிரே. ஐந்தேகாலுக்குப் பஸ் வந்தது. இறங்கியவர்களில் சிலர் வழக்கம்போலப் பலகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளைச் சட்டையும் பையில் பேனாவுமாக ஒருவர் மட்டும் சாலையைக் கடந்து கிட்டே வந்து, இரண்டு முறை படித்தார்.

"யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார்."

"கையெழுத்து நல்லா இருக்கே! இவரு உனக்கு என்ன வேணும்?"

"என் மாமா சார். நாளைக்கு அஞ்சு மணிக்கு. நீங்களும் வாங்க."

அவர் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். வருவதற்காகத்தான் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். கூட்டத்துக்கு ஒரு ஆள் சேர்த்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடினேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அவர் வந்து முன்வரிசையில் உட்காரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

ஞாயிறு மாலை அப்பாவும் நானும் பின்னால் வர, மாமா உதட்டுக்குள் பேச்சை ஓட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். பலகை முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அப்பா வந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிறம் எங்கேயோ போய்விட்டது. பிறகு மாமா குனிந்து என்னைக் கேட்டார்.

"பூ நீ போட்டதா பாப்பா?"

"ஆமா மாமா."

"நல்லாக்கீது."

வீட்டில் அவர் அப்படிப் பேச மாட்டார், அம்மா திட்டுவாள். நாடகத்தில்தான் அப்படிப் பேசுவார். எனக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளங்கையால் பெயரைத் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் தேய்த்தார். அப்பாவின் சர்க்கரை நன்றாக வேலை செய்திருந்தது. கடைசியில் சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்க்கிற தொட்டியிலிருந்து தண்ணீர் அள்ளி வந்து ஊற்றினார். "போனா போவட்டும் தோழர், நானே பாக்கல, யாரும் பாத்துருக்க மாட்டாங்கோ" என்றார். பெயர் கரைந்து வெள்ளையாக வழிந்தது. பூங்கொடி மட்டும் நின்றது. மாமா எவ்வளவு அடக்கமானவர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் பேசினார். மனப்பாடமாக இருந்த இடங்களையெல்லாம் விட்டுவிட்டார். கையைத் தூக்க வேண்டிய இடத்தில் தூக்கவில்லை. நான் கீழே உட்கார்ந்து வாயசைத்து எடுத்துக்கொடுத்தேன், அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. வியர்வையைத் துடைக்கும்போது வலது கன்னத்தில் சாக்பீஸ் அப்பிக்கொண்டது. இருபது பேர் கை தட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் கடைசிவரை வரவே இல்லை. எனக்கு அதுதான் அன்றைக்குப் பெரிய ஏமாற்றம்.

திங்களும் செவ்வாயும் ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை காலை போன மாமா பத்து நிமிடத்தில் டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தார். பஸ் டிரைவரின் கையில் இருந்த லிஸ்டில் அவர் பெயரை அடித்திருந்தார்களாம். கம்பெனி வாசலுக்கு டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்தார், உள்ளே விடவில்லை. வாரக் கடைசியில் தபால் வந்தது. பயிற்சி முடிந்தது, பெர்மனென்ட் கிடையாது என்று இரண்டே வரி.

அம்மா அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பலகையில் மாமாவின் பெயர் வந்த விஷயம் தெருவில் யாரோ சொல்லி அவள் காதுக்கு எட்டியிருந்தது. அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"போர்டுல அவன் பேரப் போட்டது நீங்களா?"

நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா. நான்தான். ஏதோ நெனப்புல எழுதிட்டேன்."

மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா கத்தவில்லை, அழவும் இல்லை. அதன்பிறகு அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வைத்திருக்கிறது என்று சொல்லு, மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்லு என்று எல்லாமே என் வழியாகத்தான் போயிற்று. ஒரே அறையில் இருக்கும் இருவருக்கு நடுவில் தபால்காரியாக இருப்பது கொஞ்ச நாள் எனக்குப் பிடித்தும் இருந்தது. இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தை மாதம் மாமா பம்பாய்க்குப் போனார், யாரோ நண்பரின் லேத் பட்டறைக்கு. வருடத்துக்கு ஒரு கடிதம், பிறகு அதுவும் இல்லை. அப்பா படிப்பகத்துக்குப் போவதை விட்டார். பலகையில் வேறு யாரோ கோணல்மாணலாக எழுதினார்கள். சில வருடங்களில் அம்மா அப்பாவோடு பேசத்தான் செய்தாள், கறிகாய், கல்யாணம், கரண்ட் பில் என்று. ஆனால் அவர் எதையாவது நல்லதென்று சொன்னால், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பாள். அந்தக் குரலை அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவும் போய் ஆறு வருடம் ஆகிறது. எனக்கு எல்லாம் விளங்கிய பிறகும் இருபது வருடம் அவளோடு இருந்தேன். எத்தனையோ முறை வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஒன்பது வயதில் செய்ததை யாரும் மன்னிப்பார்கள். சொல்லாமலே இருந்ததற்கு எனக்குச் சாக்கு இல்லை.

ஆனால் அந்த மார்கழியில் எனக்கு இருந்ததெல்லாம் கோபம்தான், அதுவும் அப்பா மேல். நான் எழுதியதைத் தான் எழுதியதாகச் சொல்லிக்கொள்கிறாரே! இருவர் எழுத்தும் ஒன்றுபோல இருக்கும் தைரியத்தில் என் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறாரே என்று வயிறெரிந்தது. ஒரு சாயங்காலம் அம்மா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நிரூபித்தே தீர்வது என்று கூடத்துச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, ஊறிய சாக்பீஸால் மாமாவின் பெயரைத் தலைப்பெழுத்தோடு அதே மாதிரி எழுதினேன். நாலு பக்கமும் பூங்கொடி போட ஆரம்பித்தேன்.

வேலையிலிருந்து வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஈரத்துணியை எடுத்துவந்து மண்டி போட்டு, எழுத்து காய்வதற்குள் துடைத்தார். என் கையிலிருந்த சாக்பீஸை மெதுவாகப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "எழுதாத கண்ணு" என்று மட்டும் சொன்னார். உள்ளேயிருந்து அம்மா என்னவென்று கேட்டதற்கு, தண்ணீர் கொட்டிவிட்டது என்றார்.

தான் சொன்ன பொய் வெளியே வந்துவிடும் என்று அப்பா பயப்படுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்று இரவு அவர் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் போய்ப் படுத்துக்கொண்டேன்.